பெரியவள் பிளஸ் டூ எழுதுகிறாள்

2025 ஜனவரி 19, ஞாயிறு

பாளை மார்க்கெட் பக்கம் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முதலில் நாள்வழி, பேரேடு என்று கையால், இப்போது கம்ப்யூட்டரில். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பெரியவளின் மார்க்குக்கென்று ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். காலாண்டு, அரையாண்டு, கோச்சிங் சென்டரில் ஞாயிறுதோறும் வைக்கும் டெஸ்ட், எல்லாம் தேதிவாரியாக. ஏறினால் நீல மை, இறங்கினால் சிவப்பு. டிவி ஸ்டாண்டு மேல், வருகிற போகிறவர்கள் கண்ணில் படும்படிதான் கிடக்கும்.

இன்றைக்கு அதில் எழுத ஒன்றும் இல்லை. "பேப்பர் இன்னும் தரலப்பா" என்றாள். போன வாரமும் இதையேதான் சொன்னாள். ஒரு வியாபாரி ரெண்டு வாரமாக பில் தராவிட்டால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? வாய் திறந்து கேட்கவில்லை, முறைத்தேன். "நீங்க கேட்டுத் தொலைச்சிருக்கலாம், அந்தப் பார்வைக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

ஜனவரி 27, திங்கள்

நீட் முறை மாறிவிட்டதாம். கொரோனா சமயத்தில் கொண்டுவந்த சாய்ஸ் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். 180 கேள்வி, 180 நிமிஷம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. முன்பு கூடுதலாக இருந்த இருபது நிமிஷமும் போச்சு. மண்டியில் எனக்கு ஒரு சிட்டைக்கு ஒரு நிமிஷம் என்று முதலாளி சொன்னால் அன்றைக்கே கணக்கைப் பிசகிவிடுவேன்.

ராத்திரி பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தேன். சரியான விடைக்கு 4 வரவு, தவறுக்கு 1 பற்று. நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், நாலு கேள்விக்கு ஒன்று சரியாகும், மூன்று தப்பும். வரவு 4, பற்று 3, நிகரம் 1. ஆக, தெரியாத கேள்வியை விட்டுவிட்டு வருவதைவிட குறித்துவிட்டு வருவதுதான் லாபம். கண்டுபிடித்த பெருமையில் அவளை எழுப்பாத குறையாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள். "கண்ண மூடிக் குத்துனா உங்க கணக்கு சரிப்பா. நான் கண்ணத் தொறந்துல்லா குத்துவேன். தப்பான விடையத்தான் சரி மாதிரி ஜோடிச்சு வச்சிருப்பான். நேரா அதுலதான் போயி விழுவேன்."

எனக்குப் பதில் இல்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவள் எதற்கு டெஸ்ட் பேப்பரை ஒளிக்கிறாள்?

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு முருகனைக் கும்பிட்டு வந்தேன். தாமிரபரணித் தண்ணீர் தலையில் பட்டால் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். மீதிப் பாதி இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் திரும்ப ஏறியது.

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்குக்கு அகமதிப்பீடு போக 90-க்கு எழுத வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். கடைசியில் ஒரு டீச்சர் எழுந்து, "பரீட்சை எழுதிட்டு வெளிய வர்ற பிள்ளைகிட்ட எப்படி எழுதினன்னு கேக்காதீங்க. சாப்பிடுதியான்னு கேளுங்க, போதும்" என்றார். அப்புறம் பலகையில் 14416 என்று எழுதினார். டெலி மானஸ், மனசு சரியில்லை என்றால் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது, பிள்ளைகள் மட்டுமல்ல பெற்றவர்களும் கூப்பிடலாம் என்றார். பக்கத்தில் இருந்த தகப்பன்மார் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நம் வீட்டுக்கு எதற்கு என்கிற மாதிரி எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் மார்க் நோட்டு இருந்ததால் நான் மட்டும் அதன் பின்னட்டையில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை. மத்தியானம் அம்மா உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழிக்குள் நிற்கும் களி. பெரியவள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். நான் வழக்கமான பாட்டை எடுத்தேன். "எங்க காலத்துல கோச்சிங்கா இருந்துச்சு? தெரு விளக்குல படிச்சு ஆயிரத்துக்குப் பக்கத்துல எடுத்தோம்" என்று. அப்போது மொத்தம் 1200.

அம்மா நிமிர்ந்தாள். "ஏல, யாரு ஆயிரம் எடுத்தா? கணக்குல பெயிலாயி, மாலைப் பேப்பர்ல நம்பர் இல்லன்னு மூணு நாளு வைக்கப் படப்புக்குப் பின்னால போயிக் கெடந்தியே, அது யாரு?"

களி தொண்டையில் நின்றது. சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என் வீட்டுக்காரிக்கே இது புதுச் செய்தி. கல்யாணத்தின்போது சொன்னதும் அந்த ஆயிரம்தான்.

உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். 1996 மார்ச். கணக்கில் 200-க்கு 58. பாஸாக 70 வேண்டும். அக்டோபரில் மறுபடி எழுதி 83. மொத்தம் கூட்டினால் எண்ணூறைத் தொடாது. அப்படிப்பட்டவன்தான் இருபத்திரண்டு வருஷமாக இன்னொருத்தர் கணக்கைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.

பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. தட்டைத் திரும்ப இழுத்து மீதிக் களியைத் தின்றாள். சாயங்காலம் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஐந்து வாரத்து டெஸ்ட் பேப்பர். 720-க்கு 312, 298, 305 என்று போகிறது. "நோட்டுல ஏத்திக்கோங்க" என்றாள். சிவப்பு மையை எடுக்கக் கை வரவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

பத்து மணிக்குப் பரீட்சை. முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாள் வாசிக்க, அடுத்த ஐந்து நிமிஷம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-லிருந்து 1.15 வரை எழுத வேண்டும். இறக்கிவிட்டு மண்டிக்கு வந்தால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது. முதலாளியிடம் பர்மிஷன் கேட்டு 1.15-க்கு கேட் முன்னால் நின்றேன். வந்தாள். "சாப்பிடுதியா?" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. சமாதானபுரம் வந்து சேர்வதற்குள் நாக்கைக் கடித்துக் கடித்து வலி எடுத்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்குக் கணக்கு. அவள் நேற்று பத்தரைக்கே தூங்கிவிட்டாள். எனக்குத்தான் கண் மூடவில்லை. ஒரு மணி, ஒன்றரை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, பின்னட்டையில் குறித்த நம்பரைக் கூப்பிட்டேன். மகளைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன். எதிர்முனையில் பேசிய அம்மாள் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்: பிள்ளை தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, யாரிடமாவது பேசுகிறாளா? எல்லாவற்றுக்கும் ஆமாம். "நீங்க தூங்குறீங்களா சார்?" என்றார்கள். அதற்கப்புறம் நான் பேசியது பூராவும் 1996 தான். வைக்கப் படப்பு, அப்பாவின் முகம், அடுத்த தெரு வழியாகவே நடந்த அந்தக் கோடை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை, அக்டோபர் வரைக்கும்.

காலையில் கொண்டுபோய் விட்டேன். "எனக்குப் பதிலா நீங்க எழுதப் போற மாதிரி இருக்கு உங்க மூஞ்சி" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிப் பரீட்சையும் முடிந்தது. பிள்ளைகள் சட்டையில் மை தெளித்துக்கொண்டு ஒரே கூச்சல். இவள் வெள்ளைச் சுடிதார் நீலமாக வந்தாள். நீட்டுக்கு நாற்பது நாள். மண்டிக் கணக்கு இன்னும் முடியவில்லை, அதனால் இன்றைக்கு இவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். எங்கள் பக்கம் இன்றைக்கு எவனும் ஊரில் இருக்கமாட்டான். மெட்ராஸில் இருப்பவனும் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவான். நாங்களும் நாங்குநேரி தாண்டி எங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போனோம். பொங்கல் பானை கொதிக்கிறதுக்குள் குறைந்தது ஒன்பது பேர், "பிள்ளை டாக்டருக்குத்தான?" என்று கேட்டாச்சு. நான் பரப்பி வைத்ததுதானே, யாரை நொந்துகொள்ள?

பெரியவளைக் காணோம். தேடினால், சித்தப்பா வீட்டுத் தொழுவத்தில் வயிறு உப்பிக் கிடந்த ஒரு வெள்ளாட்டுக் குட்டியை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ராமையன்பட்டியிலிருந்து வந்த பயிற்சி டாக்டர் பையன் ஒருத்தன் மருந்து புகட்டிவிட்டுப் போனானாம். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தோம். அப்போதுதான் சொன்னாள்.

"அப்பா, எனக்கு வெட்னரிதான் வேணும். அதுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க்குதான். பயாலஜி நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பது, எரநூறுக்குப் போட்டு எடுப்பாங்க. ராமையன்பட்டிலயே காலேஜ் இருக்கு."

பெரிய மனசு படைத்த தகப்பனாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கோச்சிங் சென்டருக்குக் கட்டிய பணம். அடுத்தது அந்த ஒன்பது பேர். "மாட்டு டாக்டரா?" என்று வாய் தவறி வந்தேவிட்டது. வீடு வந்து சேரும் வரை பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

ராத்திரி அம்மாதான் என்னைக் கூப்பிட்டாள். "எய்யா, நம்ம லெச்சுமி கன்னு போட முடியாமச் செத்துச்சே, அன்னைக்கு ஒரு மாட்டு டாக்டர் கெடச்சிருந்தா நாலு வருஷம் பால் கறந்திருக்கும். ஒன் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்க வேண்டாம்." லெச்சுமி எங்கள் பசு. நான் மறந்தே போயிருந்தேன். பெரியவள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீட்டும் எழுதுதேன்பா. பணம் கட்டியாச்சுல்லா" என்றாள். அந்த அடி எனக்குத்தான்.

மே 4, ஞாயிறு

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இன்றைக்கேதான் நீட்டும். அரைக்கை சட்டை, செருப்பு, காதில் மூக்கில் ஒன்றும் கூடாது. சாஸ்தா கோவிலில் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றை வாசலில் வைத்து வேறு யாராவது வெட்ட வேண்டாம் என்று காலையிலேயே நானே அவிழ்த்தேன். முடிச்சு லேசில் வரவில்லை. 1.30-க்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று பன்னிரண்டு மணிக்கே போய்விட்டோம். ஒரு பெண்ணின் கம்மல் கழலாமல் அவள் அப்பா சோப்புத் தேடி ஓடினார். நானும் கூட ஓடினேன்.

ரெண்டிலிருந்து ஐந்து வரை வேப்ப மரத்தடியில் ஐம்பது அறுபது பேர். ஒருத்தருக்கொருத்தர் பேச்சே இல்லை. ஐந்தரைக்குப் பிள்ளைகள் வெளியே வந்தபோது அழுத முகங்கள்தான் அதிகம். பிசிக்ஸ் கொன்றுவிட்டதாம். இவள் அழவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. நான் நன்னாரி சர்பத்தை நீட்டி, "சாப்பிடுதியா?" என்றேன். "அந்த டீச்சர் எங்ககிட்டயும் சொல்லிட்டாங்கப்பா, ஒங்க வீட்ல இப்பிடித்தான் கேப்பாங்கன்னு" என்றாள். அப்புறம் சிரித்தாள், அழுதாள். ரெண்டு சர்பத் குடித்தாள்.

மே 8, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ரிசல்ட். நாளைக்கு என்று சொல்லியிருந்ததை ஒரு நாள் முன்னால் விட்டுவிட்டார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் படிக்குக் கீழே நின்றேன். மண்டியிலிருந்து, சித்தப்பாவிடமிருந்து, கொழுந்தியாளிடமிருந்து என்று என் போன் ஓயவில்லை. எடுக்கவில்லை.

இறங்கி வந்து, டிவி ஸ்டாண்டு மேலிருந்த நோட்டை அவளே எடுத்தாள். தமிழ் 94, இங்கிலீஷ் 91, கணக்கு 79, பிசிக்ஸ் 88, கெமிஸ்ட்ரி 94, பயாலஜி 96. மொத்தம் 542. கீழே 96 + 44 + 47 என்று போட்டு 187 என்று கோடிழுத்தாள். எல்லாம் நீல மை. அப்புறம் சிவப்பு மையை எடுத்து அதற்கு மேல் வரியில், "அப்பா, 1996, கணக்கு 58" என்று எழுதினாள். "தேதிவாரியா இருக்கணும்லா" என்றாள்.

மத்தியானம் சொதி வைக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதே பக்கத்தின் ஓரத்தில் என் வீட்டுக்காரி எழுதித் தந்திருக்கிறாள்: தேங்காய் 3, சிறுபருப்பு கால் கிலோ, முருங்கைக்காய், துவையலுக்கு இஞ்சி, எலுமிச்சை 4. மண்டிக்குப் போகிற வழியில் வாங்கிச் சின்னவனிடம் கொடுத்துவிட வேண்டும்.