பன்பாயில் இரண்டு குவியல்

தை பிறந்து மாரி மழை ஓய்ந்தவுடன் எங்கள் வீட்டில் புத்தகங்களுக்கு வெயில் காட்டும் வேலை தொடங்கிவிடும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியில், கார்த்திகை மார்கழி மாதங்களில் அலுமாரிக்குள் பூட்டிவைத்த தாள்கூட ஈரத்தை உறிஞ்சிப் பொங்கி நிற்கும். வெயிலில் பரப்பி, தூசி தட்டி, இடையிடையே வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வைத்து அடுக்காவிட்டால் அடுத்த மாரிக்குள் பூச்சி பாதியைத் தின்று முடித்துவிடும். இம்முறை எனக்குக் கைகொடுக்க வந்தவன் அக்காவின் மகன், உயர்தரத்தில் உயிரியல் படிப்பவன். முற்றத்தில் பன்பாயை விரித்துப் புத்தகங்களை அவன் கையில் கொடுத்தபோது, நான் சொல்லாமலே இரண்டு குவியல் வைத்தான். ஒன்றில் புறநானூறு, சிலப்பதிகாரம், யாழ்நூல், மட்டக்களப்பு மான்மியம் முதலியவை. மற்றதில் டார்வின், நிலவியல், உயிர்ச்சுவடுகள் பற்றிய நூல்கள். பறவை வழிகாட்டியும் மீன்களைப் பற்றிய நூலும் இரண்டாவது குவியலில் விழுந்தன. ஒரு பழைய வைத்திய வாகடத்தை எதில் போடுவதென்று தெரியாமல் திண்ணையில் வைத்துவிட்டான்.

இந்தப் பிரிவினை எனக்கு உவப்பானதாக இல்லை. காரணத்தை அன்று அவனுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நம் நாட்டுப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு என்று வழங்குவதைத் தமிழகத்தார் புதைபடிவம் என்றும் தொல்லுயிர் எச்சம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு நம்முடைய சொல்லே பிடித்தமானது. புதைபடிவம் என்றால் பொருள் விளங்குகிறது. உயிர்ச்சுவடு என்றாலோ ஏட்டுச் சுவடியும் கூடவே நினைவுக்கு வருகிறது. சுவடுக்கும் சுவடிக்கும் சொற்பிறப்பில் உறவு உண்டா என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காதுக்கு உறவு இருக்கிறது, செய்யும் வேலையிலும் இருக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை ஏடு பாடப்படுவதைக் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரருக்கு, பழைய ஏடு என்பது நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இருக்கும் பொருளன்று என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மறுபதிப்புகளைப் பற்றி. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அச்சிட்டார். தொகை நானூறு, ஆனால் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்து, புள்ளிகளே சொற்களின் இடத்தில் நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. இவற்றை மறைக்காமல் இல்லாததை இல்லை என்றே காட்டி, பிரதிக்குப் பிரதி வேறுபடும் பாடங்களைத் தொகுத்து, முகவுரையும் அரும்பத அகராதியும் சேர்த்துத் தருவதுதான் பதிப்பு என்னும் தொழில். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், ஏடு எடுக்கும்போது ஓரம் சொரிவதும் கட்டு அவிழ்க்கும்போது இதழ் முரிவதுமாக அவர்கள் எதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள் என்று.

இப்போது என் வயிற்றெரிச்சல். சில ஆண்டுகளுக்கு முன் நகரில் நடந்த ஒரு புத்தகக் கண்காட்சியில் புறநானூற்று மலிவுப் பதிப்பு ஒன்றை வாங்கினேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அட்டை பளபளப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் முகவுரை இல்லை, பாடவேறுபாடு இல்லை, அகராதி இல்லை. 266ஆம் பாடல் முடிந்ததும் ஒரு வரி விளக்கமும் இன்றி அடுத்த பாடல் 269 என்று தொடங்குகிறது. முதன்முறை வாசிக்கும் பிள்ளை அதை அச்சுப் பிழை என்று நினைக்கும், அல்லது கவனிக்காமலே கடந்து போகும். பழைய நூலை மலிவாகக் கொடுப்பது நல்ல காரியந்தான். ஆனால் இழப்பின் தடயத்தையும் சேர்த்து அழித்துவிட்டுக் கொடுத்தால் வாசகனுக்கு எஞ்சுவது பாதி நூல்தான். இதற்குப் பிறகு, பழைய பதிப்பாசிரியரின் முகவுரையை நீக்கிய எந்த மறுபதிப்பையும் நான் காசு கொடுத்து வாங்குவதில்லை.

இதே குறை ஆங்கில மறுபதிப்புகளிலும் உண்டு என்பது அன்று பன்பாயிலேயே தெரியவந்தது. உயிரினங்களின் தோற்றம் பற்றி டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில், பாறைகள் வைத்திருக்கும் பதிவேடு எவ்வளவு குறைபாடானது என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். உலக வரலாறு பல தொகுதிகளாக, மெல்ல மெல்ல மாறிவரும் ஒரு மொழியில் எழுதப்பட்டிருப்பதாகவும், அவற்றுள் கடைசித் தொகுதி ஒன்றுதான் நமக்குக் கிடைத்திருப்பதாகவும், அதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சிறு அத்தியாயங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சில வரிகள் மட்டுமே மிஞ்சியிருப்பதாகவும் அந்த அத்தியாயத்தின் முடிவில் அவர் சொல்கிறார். ஏடு தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்கள் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. மருமகனிடம் "ஒன்பதாம் அத்தியாயத்தை எடு" என்றேன். எடுத்தான். அங்கே கலப்பினங்களைப் பற்றிய அத்தியாயம் இருந்தது.

சற்று நேரம் திகைத்த பிறகுதான் விளங்கியது. டார்வின் உயிரோடு இருந்தபோதே அந்த நூல் ஆறு பதிப்புகள் கண்டது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் மறுப்புகளுக்கு விடை சொல்லும் புதிய அத்தியாயம் ஒன்றை ஏழாவதாகச் சேர்த்ததனால், பிந்தியவை ஒவ்வோர் இலக்கம் தள்ளிப்போயின. நான் தேடியது அதில் பத்தாவது. என்னிடம் இருந்த மலிவுப் பதிப்போ 1859 என்று மட்டும் பின்னட்டையில் பெருமையாகப் போட்டுக்கொண்டு, உள்ளே ஆறாம் பதிப்பை அச்சிட்டிருந்தது. எந்தப் பதிப்பு என்ற குறிப்பு எங்குமே இல்லை.

ஆறாம் பதிப்பு கெட்டதென்று சொல்ல வரவில்லை. 1859இல் டார்வினுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு பறவை அதில் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் சோல்ன்ஹோபன் என்ற ஊரின் சுண்ணாம்புக் கற்சுரங்கங்களில் 1861இல் வெளிப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ்தான் அது. பல்லியைப் போன்ற நீண்ட வால், அதில் இறகுகள், சிறகில் நகங்கள். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழமை. அடுத்த ஆண்டே இலண்டன் அருங்காட்சியகம் 700 பவுண் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. அந்தக் கற்சுரங்கங்களில் கல்லை எதற்காக வெட்டினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நுண்மையான அந்தச் சுண்ணாம்புக்கல்லின் மீதுதான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனெஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். பிறகு ஐரோப்பிய அச்சகங்கள் அதைத் தேடி வாங்கின. அச்சுக்கென்று பிளந்த கற்பலகைக்குள், எவரும் அச்சிடாத ஓர் இறகு முன்னமே பதிந்து கிடந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பறவையின் அறிவியற் பெயரின் இரண்டாம் பாதி, கல்லச்சைக் குறிக்கும் லித்தோகிராபிக்கா. இதைக் கேட்ட பிறகு பையன் டார்வினைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குவியலில் போடுவதென்று யோசிக்கத் தொடங்கினான்.

நம் நாட்டுச் செய்தியும் அதே குவியலில் இருந்தது. கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இரத்தினபுரிப் பகுதி மாணிக்கக் குழிகளில் இருந்து மேலே வந்த எலும்புகளையும் பற்களையும் பல்லாண்டு சேகரித்து, 1958இல் பெரிய நூலொன்றாக வெளியிட்டார். மாணிக்கம் கிடக்கும் சரளை அடுக்கைச் சிங்களத்தில் இல்லம என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது வீடு என்று ஒலிக்கிறது. நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் ஒருகாலத்தில் இந்தத் தீவில் நடமாடியதற்குச் சாட்சி அந்த வீட்டில்தான் கிடைத்தது. இலங்கைச் சிங்கம் என்று அவர் 1939இல் விவரித்த விலங்குக்கு ஆதாரமாக இருந்தவை குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்கள்.

"மறுகா, மிச்ச எலும்பெல்லாம் எங்க மாமா?"

மிச்சம் இல்லை, இரண்டு பல்தான் என்றேன். அவன் நம்பவில்லை. இரண்டு பல்லை வைத்து ஒரு சிங்கத்தைச் சொல்லலாமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக நான் எடுத்துக் கொடுத்தது முதற் குவியலில் இருந்த யாழ்நூலை.

எங்களுக்குத் தெற்கே கல்முனை தாண்டினால் வரும் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளான யாழ் என்னும் இசைக்கருவியை, நரம்பு ஒன்றுகூடக் கையில் இல்லாமல், செய்யுள் அடிகளில் இருந்து மீட்க முயன்றார். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் அடிகளும், பத்துப்பாட்டில் வரும் யாழின் வருணனைகளும், சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் அவருக்குக் கிடைத்த பற்கள். அந்த உரையும் முழுமையானதன்று. யாழ் கையில் எடுத்துப் பாடும் கானல்வரிக்கே அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்கவில்லை. சுரங்களின் அளவுகளைக் கணித முறையில் வகுத்து, வில்யாழ் முதல் சகோடயாழ் வரை உருவம் வரைந்து காட்டிய அந்த நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். அவர் முடிவுகள் அனைத்தையும் இசையறிஞர்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. எந்த அடியிலிருந்து எந்த முடிவுக்குப் போகிறார் என்பதைப் படிப்படியாக வைத்திருப்பதனால் நாம் அவரோடு வாதிட முடிகிறது. தெரணியகலவின் பற்களோடும் அப்படித்தான்.

ஊகம் பிழைத்துப் போவதும் உண்டு. இங்கிலாந்தில் இகுவானோடன் என்னும் பெரிய விலங்கின் பற்களை 1825இல் விவரித்த மான்டெல், பிறகு கிடைத்த கூரிய எலும்பு ஒன்றை மூக்குக் கொம்பாக வைத்து வரைந்தார். 1854இல் இலண்டனில் நிறுவிய சிலைக்கும் மூக்கில் கொம்பு வைத்தார்கள். 1878இல் பெல்ஜியத்தின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் அது பெருவிரல் முள் என்று தெளிவாயிற்று. நல்ல உயிர்ச்சுவட்டு நூல் இந்தக் கதையை மறைக்காது. படத்தில் எது கிடைத்த எலும்பு, எது வரைந்தவரின் ஊகம் என்று பிரித்துக் காட்டாமல் வண்ண வண்ணமாக உறுமும் விலங்குகளை மட்டும் அச்சிடும் பிள்ளைகள் நூல்களை, முகவுரை நீக்கிய புறநானூற்றோடு சேர்த்து வைப்பேன்.

இவ்வளவும் கேட்ட பிறகு பையனுக்குக் குடும்பிமலைக்குப் போய்த் தேடலாமா என்று ஆசை வந்துவிட்டது. அங்கே கிடைக்காது என்று சொல்ல வேண்டியதாயிற்று. கிழக்கிலங்கையின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அவற்றில் சுவடு எதையும் எதிர்பார்க்க முடியாது. உயிர்ச்சுவடு வேண்டுமானால் புத்தளத்துத் தப்போவைக்கோ யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கோ போக வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கல் ஒன்று என்னிடம் உண்டு. கிணறு வெட்டிய இடத்தில் நண்பர் பொறுக்கிக் கொடுத்தது. காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் பாயின் மூலையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். விரல் நகமளவு பள்ளம், அதற்குள் விசிறி மடிப்புப் போல நெருங்கிய வரிகள். சிப்பியின் ஓடு கரைந்து எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடந்தான் கல்லில் நிற்கிறது. அவன் சுட்டுவிரலால் வரிகளைத் தடவி எண்ணிப் பார்த்தான். பதினேழு வரை எண்ணியதும் விளிம்பு உடைந்திருந்தது.

அந்திக்குள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து அடுக்கினோம். டார்வினின் முதற்பக்கத்தில் பையன் பென்சிலால் "இது 6ஆம் பதிப்பு, 1872" என்று எழுதினான். பிறகு அவனாகவே மலிவுப் புறநானூற்றையும் பிரித்து, 266க்கும் 269க்கும் இடையில் விடுபட்ட இரண்டு இலக்கங்களை ஓரத்தில் குறித்துவைத்தான். வாகடம் மட்டும் இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது.