இருட்டு விலகும் முன்பே
2017 செப்டம்பர் 20. மரியா புயல் அடித்து, கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவு முழுக்கக் கரண்ட் போனது. கடைசி வீடுகளுக்கு அது திரும்பி வர ஏறக்குறைய 11 மாதம். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லை, ஆக்சிஜன் கருவி ஓடாது. நினைத்தாலே மனசு கனக்கிறது.

பல வீடுகளில் விளக்கு எரியாத 2018 ஜனவரியிலேயே, அரசு மின்வாரியத்தைத் தனியாருக்கு விற்கப்போவதாக ஆளுநர் அறிவித்துவிட்டார். சரி, வாரியம் கடனில் மூழ்கிக் கிடந்தது உண்மைதான். அதற்காக, கூரைக்குத் தார்ப்பாய் தேடி அலையும் ஜனங்கள் நின்று கேள்வி கேட்க முடியாத நேரத்திலா இந்த முடிவு? எனக்கு ஆறவே இல்லை.

2021 ஜூனில் மின் விநியோகம் லூமா என்ற தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அப்புறம் 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல். மறுபடியும் தீவு முழுக்க இருட்டு.