சுவருக்குள் படிகாரம்: பினாங்கில் பார்த்த பழைய இரும்புப் பெட்டி

நேற்று இரவு 11 மணிக்குத்தான் கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பினாங்கில் பார்த்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். போக வர ரயிலுக்கு 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. ரயில் விட்ட பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரிக்கு 2 வெள்ளி. அதுவரை சரி. படகுத்துறையில் இறங்கியபோது தூறல். வாடகைக் கார்காரர் ஒருவர் பினாங்கு ஸ்திரீட்டுக்கு 25 வெள்ளி கேட்டார். மழையில் நனைய வேண்டாமே என்று ஏறினேன். சில நிமிடங்களில் இறக்கிவிட்டார். நடந்தே போயிருக்கக்கூடிய தூரம்! அதே படகுத்துறையிலிருந்து ஊருக்குள் சுற்றும் கேட் (CAT) பேருந்து இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. 25 வெள்ளி என்பது எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. இன்னும் வயிறு எரிகிறது. யாரும் அங்கே கார் ஏறாதீர்கள்.

சரி, போன காரணத்துக்கு வருகிறேன். என் தாத்தா பினாங்கில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில், அதாவது வட்டிக்கடையில், சமையல் வேலை பார்த்தவர். எந்தக் கதை சொன்னாலும் அதில் ஓர் இரும்புப் பெட்டி வந்துவிடும். அப்படி ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு துணிக்கடையின் பின்கட்டில் ஒன்று இருப்பதாக நண்பர் சொன்னார்.

கடைக்கார ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "வா தம்பி, பசியாறிட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார். பெட்டி என் நெஞ்சு உயரம், கரும்பச்சை நிறம். கதவில் பித்தளைத் தகடு: மில்னர்ஸ், லிவர்பூல். ஆனால் சாவி மகனிடம் இருந்தது, மகன் தைப்பிங்கில் இருந்தார். "நாளைக்குக் காலையில வா, திறந்து காட்டுறேன்."

ஏமாற்றத்தோடு நாசி கண்டார் கடைக்குப் போனேன். அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் போனால் பாவம். கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் அதில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். எனக்கு மீன்முட்டைக் குழம்பு, கோழிக் குழம்பு, கணவாய்க் குழம்பு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார்கள். 16 வெள்ளி. ஒவ்வொரு காசுக்கும் தகும். கோலாலம்பூரில் இந்த ருசிக்குப் பக்கத்தில்கூட எதையும் நான் சாப்பிட்டதில்லை.

மறுநாள் சாவி வந்தது. சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் நல்ல கனம். அதன் பற்கள் படிப்படியாக வெட்டப்பட்டிருந்தன. பூட்டுக்குள் அடுக்கிய மெல்லிய லீவர் தகடுகளில் ஒவ்வொன்றையும் ஒரு பல் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும்.

இந்த லீவர் பூட்டுக்குப் பெரிய கதை இருக்கிறது. 1817இல் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடினார்கள். தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு போட்டி வைத்தது. மறு ஆண்டு ஜெரமையா சப் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்று 100 பவுண்டு பரிசையும் வாங்கினார். தவறான சாவி ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் அந்தத் தகடு அங்கேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் உரிமையாளரின் சாவிக்கும் பூட்டு திறக்காது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அபாரமான யோசனை! ஆனால் 1851 லண்டன் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். எந்தத் தகடு எவ்வளவு உயர்ந்தது என்று அந்தச் சிக்கும் பொறியே அவருக்குக் காட்டிக்கொடுத்தது. அடுத்து, பல ஆண்டுகள் யாராலும் திறக்க முடியாமலிருந்த ஜோசப் பிராமாவின் பூட்டையும் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்து 200 கினி (பழைய ஆங்கில நாணயம்) வென்றார். ஹாப்ஸைக் குறைசொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் வந்த பிறகுதான் பூட்டுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்.

ஐயா கதவை இழுத்தார். நான்கு விரற்கடைக் கனம். உள்பக்கத்தில் அடைக்கப்பட்ட ஒரு துளையைக் காட்டினார். "ஒரு தடவை சாவி தொலைஞ்சு போச்சு. சீனப் பூட்டுக்காரர் வந்து துளைபோட்டாரு. உள்ளேயிருந்து மரத்தூளும் வெள்ளைக் கட்டியுமா கொட்டுச்சு. என்னன்னு பார்த்தா படிகாரம்!"

நிமிர்ந்து பார்த்தேன். கடை வாசலில் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கியதும் படிகாரம்தான்.

மில்னர் கம்பெனியின் வித்தையே அதில்தான் இருந்தது. இரட்டைச் சுவருக்கு நடுவில் மரத்தூளையும் படிகாரத்தையும் கலந்து அடைத்தார்கள். படிகாரத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் தண்ணீர். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே இருக்கும் காகிதம் கருகாது. லிவர்பூல் தொழிற்சாலைக்கு, சாம்பலிலிருந்து எழும் கதைப் பறவையான பீனிக்ஸ் பேரை வைத்ததும் எவ்வளவு பொருத்தம். திருடனை மட்டும் நினைத்துச் செய்த பெட்டி இல்லை இது. கடன்பத்திரமும் நிலப்பத்திரமும் எரிந்துபோனால் வட்டிக்கடையில் என்ன மிஞ்சும்? ஒட்டி ஒட்டிக் கட்டிய கடைவீடுகளில் ஒன்றில் பிடித்த தீ அடுத்ததுக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கடைவீடுகள் இருக்கும் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது ஜன்னலுக்கெல்லாம் அழகாகச் சாயம் அடித்துக் கஃபே ஆக்குகிறார்கள். உள்ளே இருந்த பெட்டி பழைய இரும்புக்குப் போகிறது. இது எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஐயாவிடமும் ஓர் இரும்புக்காரர் 300 வெள்ளிக்குக் கேட்டாராம்.

"கொடுத்துடாதீங்க ஐயா," என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் உள் இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. அவருடைய அப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த சீட்டு. என் உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப வாங்கி உள்ளே வைத்தார். சாவியை இரண்டு கையாலும் திருப்பிப் பூட்டினார்.