ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில்

வெளிநாட்டில் படிப்பது என்றால் முழுப் பட்டமும் அங்கேயே வாங்க வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கல்லூரியில் இருக்கும்போதே ஒரு செமஸ்டர் மட்டும் போய்வரலாம். நான் அப்படித்தான் போனேன். மாணவர் பரிமாற்றத் திட்டம் என்றால் பெரும்பாலும் கட்டணத்தைச் சொந்தக் கல்லூரிக்கே கட்டினால் போதும். தங்கவும் சாப்பிடவும்தான் தனியாகப் பணம் வேண்டும்.

எல்லாரும் விசாவைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் கிரெடிட்தான், அதாவது ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கணக்கில் சேரும் புள்ளிதான், முக்கியம். ஐரோப்பாவில் செமஸ்டருக்கு 30 கிரெடிட். அங்கே எடுக்கும் எந்தப் பாடம் நம் கல்லூரியில் எதற்கு ஈடு என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாடத்திட்டத்தை வார வாரியாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். துறைத் தலைவர் பென்சிலால் வரிவரியாக டிக் அடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். என்னோடு வந்த தோழி வாய்வார்த்தையை நம்பிப் போனாள். பாவம், திரும்பி வந்து இரண்டு பாடங்களை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அப்புறம், முதுகலைக்கு யோசிப்பவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் பட்டப்படிப்புகளைக் கட்டாயம் பாருங்கள். எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணமும் கிடையாது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரைதான், இறுதியாண்டில் இருப்பவர்களும் போடலாம்.