அரை மீட்டர் வெல்வெட்

4 மார்ச் 2024
ஓய்வு பெற இன்னும் 27 நாள். எங்கள் ஆய்வகத்தின் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 1996இல் நான் எழுதிய லேபிள் ஒன்று இன்னும் அழியவில்லை. உள்ளே இருக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, சத்து கலந்த அகர் ஜெல்லி ஊற்றிய ஒரு பிளேட்டில் கீறி வைத்தேன்.

சாயங்காலம் துணிக்கடையில் கருப்பு காட்டன் வெல்வெட் அரை மீட்டர் வாங்கினேன். “பிளவுஸுக்கா மேடம்?” “பாக்டீரியாவுக்கு” என்றேன். கடைக்காரர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

5 மார்ச்
அந்த 1996 பயல் வளர்ந்துவிட்டான்!

மாணவிகளிடம் ஒரு கேள்வி வைத்தேன். மருந்தைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா அதைத் தாங்கும்படி மாறுகிறதா, மாறியது முன்பே கூட்டத்தில் இருக்கிறதா? பார்த்த பிறகுதான் என்றார்கள் இருவரும். 1952இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் விஞ்ஞானி எஸ்தர் லெடர்பெர்க்கும் கணவர் ஜோஷுவாவும் இதற்கு வெல்வெட்டை வைத்துப் பதில் சொன்னார்கள். வட்டக் கட்டையில் துணியைக் கட்டி, அதன் மேல் தாய் பிளேட்டைக் கவிழ்த்து அழுத்துவது. துணியின் ஒவ்வொரு மயிரும் ஓர் ஊசி போல வேலை செய்யும். அதே துணியில் மருந்து கலந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாக ஒற்றினால் எல்லாவற்றிலும் ஒரே அச்சு.

ஜோஷுவாவுக்கு 1958இல் நோபல் கிடைத்தது. எஸ்தருக்கு இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

7 மார்ச்
சொதப்பல். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த துணி ஈரமாகவே இருந்தது, அவசரத்தில் ஒற்றிவிட்டேன். பிளேட் முழுக்க ரசம் கொட்டிய மாதிரி வழிந்து கிடக்கிறது. 28 வருட அனுபவம்!

11 மார்ச்
துணியை ஓவனில் நன்றாகக் காயவைத்து மறுபடி செய்தோம். லெடர்பெர்க் தம்பதி பயன்படுத்தியவற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின். நாங்கள் எடுத்தது ரிஃபாம்பிசின், காசநோய்க்காரர்களின் சிறுநீரைச் சிவப்பாக்கும் அதே மருந்து. அகரும் ஆரஞ்சாகத்தான் இருந்தது.

மூன்று பிளேட்டுகளையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தோம். விளிம்பில் நான் போட்ட மார்க்கர் கோட்டுக்குப் பக்கத்தில், மூன்றிலும் அதே இடத்தில் இரண்டு காலனிகள், அதாவது பாக்டீரியாக் குவியல்கள். தற்செயலாக இருந்தால் ஆளுக்கொரு இடத்தில் அல்லவா முளைத்திருக்கும்?

“அப்போ தாய் பிளேட்லயே இருந்திருக்கா மேடம்? மருந்தைப் பார்க்காமலேயே?”

அந்தக் கேள்விக்காகத்தான் துணி வாங்கினேன்.

13 மார்ச்
ஆனால் வெல்வெட் காட்டுவது பாதிக் கதை. தானாக மாறியதை அது காட்டும், பக்கத்துவீட்டில் கடன் வாங்கியதைக் காட்டாது. கோலிஸ்டின், வேறு மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் கடைசி ஆன்டிபயாட்டிக். குரோமோசோமில் மாறினால்தான் அதைத் தாங்க முடியும் என்று நாங்களெல்லாம் நம்பியிருந்தோம். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து எம்.சி.ஆர்-1 என்ற, கோலிஸ்டினைத் தாங்க வைக்கும் ஜீனைப் பற்றிய கட்டுரை வந்தது. பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளியிலும் அதே ஜீன், அதுவும் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட்டில். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. அன்று மதியச் சாப்பாட்டை மறந்து படித்தேன். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்தியா தடை செய்தது 2019இல்தான்.

அதற்கான பிளேட்டுகளை நாளை ஊற்ற வேண்டும்.

28 மார்ச்
ஃப்ரீசர் பட்டியலைக் கொடுத்தாயிற்று. மீதித் துணியை வீட்டுக்கு எடுத்துப்போகப் பார்த்தேன். மாணவி விடவில்லை. ஆறு சதுரமாக வெட்டி, ஃபாயிலில் சுற்றி, மேலே எழுதினாள்: ‘நன்றாகக் காயவைக்கவும்.’