ஐந்தாம் வார்டு என்ன ஆகும்

நவம்பர் 10, திங்கள்

ஸ்டோர் அறையை இன்று திறந்தார்கள். மேல் தட்டில் இருந்த என்95 மாஸ்க் பெட்டிகள் எல்லாமே தேதி முடிந்தவை. ஒன்றை எடுத்து ரப்பரை இழுத்துப் பார்த்தேன். நீளவே இல்லை, பொடிப்பொடியாகக் கையோடு வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. மூக்கில் படுகிற பஞ்சுப் பட்டை பழுப்பேறி விரலில் ஒட்டியது. ஸ்டோர்காரர் பெட்டிகளை எண்ணிக்கொண்டே, "ஸ்டாக் சரியா இருக்கு சிஸ்டர்" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

தொற்று நோயாளிகளைத் தனியாக வைக்கிற எங்கள் ஐந்தாம் வார்டை என்ன செய்வது என்று பேச வேண்டிய கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது. காரணம் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வீட்டுக்கு வந்தும் அந்த ரப்பர் ஞாபகம்தான். பிரான்ஸ் கதை நிர்வாகத்தில் யாருக்காவது தெரிந்திருக்குமா? 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்தில் அந்த நாட்டு சுகாதார அமைச்சர் ரோஸ்லின் பாஷ்லோ 9.4 கோடி டோஸ் தடுப்பூசிக்கு ஆர்டர் கொடுத்தார். காய்ச்சல் பயந்த அளவுக்கு இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 60 லட்சம் பேர்தான். அரசுப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அவரைக் கிழித்தெடுத்தார்கள். அப்புறம் எந்த அமைச்சருக்குக் கூடுதலாக வாங்கி வைக்கத் துணிச்சல் வரும்? அப்போது நூறு கோடிக்குப் பக்கத்தில் இருந்த சர்ஜிகல் மாஸ்க் கையிருப்பு, 2020 தொடக்கத்தில் பார்த்தால் சுமார் 11.7 கோடி.

அவர்களும் பாடம் கற்றவர்கள்தான். அதிகமாக வாங்கினால் திட்டு விழும் என்பதுதான் அந்தப் பாடம். குறைவாக வாங்கினவரை அடுத்த கொள்ளைநோய் வரும்வரை யாரும் திட்டுவதில்லை. அதற்குள் அவர் வேறு துறைக்குப் போயிருப்பார். எங்கள் நிர்வாகத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சும்மா கிடக்கிற பொருளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

போடணும்தான். ஆனால் யார்?

நவம்பர் 14, வெள்ளி

ஐந்தாம் வார்டுக் கதவடியில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்தேன். காற்று இன்னும் உள்பக்கம்தான் இழுக்கிறது. கிருமி வெளியே போகாமல் இருக்க அப்படித்தான் இருக்கணும்.

நவம்பர் 16, ஞாயிறு

லீவு. தென்கொரியாவைப் பற்றி ராத்திரி வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். 2015இல் அங்கே கொரோனா வகையைச் சேர்ந்த மெர்ஸ் நோய் வந்தது. வெளிநாட்டுப் பயணம் போய் வந்த ஒருவர், என்ன நோய் என்று தெரியாமல் ஒரு மருத்துவமனை மாற்றி இன்னொன்று என்று அலைந்தார். அவசரப் பிரிவில் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களும் பக்கத்து நோயாளிகளும் நோயை வாங்கிக்கொண்டு போனார்கள். மொத்தம் 186 பேருக்கு நோய், 38 பேர் இறந்தார்கள். எந்தெந்த மருத்துவமனை என்ற பெயரைக்கூட அரசு முதலில் வெளியிடவில்லை. ஜனங்கள் கொதித்துப் போனார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. நெருக்கடி நேரத்தில் பரிசோதனைக் கிட்டுக்கு அவசர அனுமதி தர வழி செய்து சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 ஜனவரி 27 அன்று, நாட்டில் கொரோனா நோயாளிகள் நாலே பேர் இருந்தபோது, சியோல் ரயில் நிலையத்தில் ஒரு அறையில் கிட் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உடனே தயாரியுங்கள் என்றார்கள். பிப்ரவரி 4 அன்று முதல் கிட்டுக்கு அனுமதி கொடுத்தாயிற்று. சட்டத்தில் எழுதி வைத்திருந்ததால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவமானத்தை அறிக்கையோடு நிறுத்தாமல் சட்டம்வரை கொண்டுபோனார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

பழைய அவசரத் தொடர்புப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். 2020இல் சுவரில் ஒட்டியது, செலோடேப்போடு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். பாதிக்குமேல் உபயோகத்தில் இல்லை. ஒருவர் வெளிநாடு போய்விட்டார். ஒருவர் ரிடையர்டு ஆகிப் பேரனோடு இருக்கிறார். "அந்த மாதிரி நாளெல்லாம் ஞாபகப்படுத்தாதேம்மா" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் அதைத்தான் பேசினார். ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் குறைந்தால் எந்த வால்வை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஒரு பெயருக்கு எதிரே யாரும் எதுவும் குறிக்கவில்லை. நானும் அந்த எண்ணைக் கூப்பிடவில்லை. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் கோவிடில் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நடுவில் ஒரு லட்சம் பேர் இடைவெளி. இறந்தவர்களைச் சரியாக எண்ணக்கூட முடியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பிரிட்டனின் கோவிட் விசாரணை ஆணையத்தின் அடுத்த அறிக்கை வந்துவிட்டது. செய்தது குறைவு, செய்ததும் தாமதம் என்று நேராகவே எழுதியிருக்கிறார் ஆணையத் தலைவர் ஹாலெட் அம்மையார். 2020 மார்ச்சில் ஒரு வாரம் முன்னதாகப் பொதுமுடக்கம் போட்டிருந்தால் முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 23,000 சாவு குறைந்திருக்கும் என்று மாடல் கணக்கு. கணக்குத்தான். ஆனாலும் ஒரு வாரம்!

இத்தனைக்கும் ஒத்திகை பார்க்காதவர்கள் இல்லை. 2016 அக்டோபரில் 'சிக்னஸ்' என்று மூன்று நாள் ஃப்ளூ ஒத்திகை நடத்தி, இந்த ஏற்பாடு தாங்காது என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். அந்த அறிக்கையை அரசு வெளியிட்டது 2020 அக்டோபரில். அதே 2016இல் மெர்ஸுக்கென்று 'ஆலிஸ்' என்ற இன்னொரு ஒத்திகையும் நடந்திருக்கிறது. ஆனாலும் திட்டம் முழுக்க ஃப்ளூவுக்கான திட்டமாகவே இருந்தது என்று 2024 ஜூலையில் வந்த முதல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். கொள்ளைநோய்க்கு எந்த நாடு எவ்வளவு தயார் என்று சொல்லி 2019 அக்டோபரில் வந்த உலக சுகாதாரப் பாதுகாப்புத் தரவரிசையில் முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். அந்தப் பட்டியலை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

கூட்டம் மறுபடி தள்ளிப்போயிற்று. எரிச்சல்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று முழுக்க பிரிட்டனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நியாயமில்லை. கோவிடுக்கு எந்த மருந்து பலன் தரும் என்று பார்த்த 'ரெக்கவரி' ஆய்வும் அதே நாட்டில்தான் நடந்தது. 2020 மார்ச்சிலேயே ஆரம்பித்து, நாடு முழுக்க இருந்த அரசு மருத்துவமனைகளில் சாதாரண வார்டு நோயாளிகளையே சேர்த்துக்கொண்டார்கள். படிவம் சின்னது, வேலை மிகுந்த வார்டிலும் நிரப்ப முடிந்தது. ஜூன் 5 அன்று ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பலனில்லை என்றார்கள். ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு மருந்துக்குப் பலன் உண்டு என்றார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, ஆக்சிஜனில் இருப்பவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரவுண்ட்ஸில் டாக்டர் போனைப் பார்த்துப் படித்துவிட்டு, "நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார். அலமாரியைத் திறந்தேன். எப்போதும் இருக்கிற மருந்து, இரண்டாம் தட்டில் இடது ஓரம். அத்தனை நாளும் அங்கேதான் இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

தூக்கமில்லை. கனடாவின் ரெஜைனா நகரில் 2019இல் சுமார் இருபது லட்சம் என்95 மாஸ்க்குகளைக் குப்பையில் கொட்டினார்கள். 2009இல் வாங்கியவை, 2014இலேயே தேதி முடிந்தவை. அவற்றின் ரப்பரும் இப்படித்தான் உதிர்ந்திருக்குமோ.

அந்த நாட்டுக்காவது தெரிந்திருக்க வேண்டும். 2003இல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா வகை நோய் வந்தபோது டொரன்டோ பக்கம் 44 பேர் செத்தார்கள், நர்சுகளும் உண்டு. நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான ஆணையம் 2006 டிசம்பர் தேதியிட்ட இறுதி அறிக்கையில் அடித்துச் சொன்னது, விஞ்ஞானம் முழுசாக நிரூபிக்கும்வரை காத்திருக்காதீர்கள், பணியாளர்களை முதலில் காப்பாற்றுங்கள் என்று. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவாது என்று ட்விட்டரில் போட்டது. காற்றிலும் பரவும் என்று ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதுவரை என்95 இன்ட்யூபேஷனுக்கு, அதாவது மூச்சுக்குழாயில் குழாய் இறக்கும்போது, மட்டும்தான், மற்ற நேரம் துணி மாதிரி சர்ஜிகல் மாஸ்க் போதும் என்றார்கள் எங்களிடம். அந்தச் சுற்றறிக்கையை இன்னும் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

லேசாக இருமல். ஒன்றுமில்லை. இருந்தாலும் டெஸ்ட் எடுத்தேன். இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஒருவழியாகக் கூட்டம். ஐந்தாம் வார்டில் பெரும்பாலும் கட்டில் காலி, கரண்டுச் செலவு அதிகம், டே-கேர் ஆக்கிவிடலாம் என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலைக் காட்டினார்கள். பொய்யில்லை, அவர்களும் நோயாளிகள்தான். என் பக்கத்து நியாயம் என்றைக்கோ வரப்போகிற நோயாளிக்காக. அவருக்குப் பெயரும் இல்லை, ஃபைலும் இல்லை.

"கொள்ளைநோய் நாளைக்கே வரப்போகுதா சிஸ்டர்?" என்றார் சூப்பிரண்டு. கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நைஜீரியாவைச் சொன்னேன். 2014 ஜூலையில் லாகோஸ் நகருக்குள் எபோலா நுழைந்தபோது, போலியோ ஒழிப்புக்காக ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்த அவசர மையத்தின் ஆட்களையும் முறைகளையும் அப்படியே அங்கே இறக்கினார்கள். 20 பேருக்கு நோய், 8 பேர் சாவு, அதோடு நின்றது. புதிதாகக் கட்ட நேரமே இருந்திருக்காது. சிங்கப்பூரையும் சொன்னேன். சார்ஸுக்குப் பிறகு திட்டமிட்டு 2019இல் திறந்த 330 கட்டில் தொற்றுநோய் மையம், பூட்டிக் கிடக்கவில்லை, தினமும் நோயாளி பார்க்கிற இடம்.

அதனால் நான் கேட்டது வார்டைக் காலியாக வையுங்கள் என்று இல்லை. காசநோய், தட்டம்மை, கடும் ஃப்ளூ எல்லாரையும் அங்கேயே சேருங்கள். மின்விசிறி ஓடட்டும், வடிகட்டி மாறட்டும், புது நர்சுகள் பாதுகாப்பு உடுப்பு போட்டுக் கழற்றிப் பழகட்டும். மாஸ்க்கும் அப்படித்தான். ஸ்டோரில் பழையதை முதலில் வார்டுக்குக் கொடுத்து, புதியதைப் பின்னால் அடுக்குங்கள். தேதி முடியவே முடியாது.

குறித்துக்கொண்டார். "எழுதிக் கொடுங்க" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

இரண்டு பக்கத்துக்குள் எழுதி முடிக்க முடியவில்லை. பாஷ்லோவை எடுத்துவிட்டேன். கேம்பெல்லை எடுக்க மனமில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

கொடுத்தாயிற்று. பதில் எப்போது என்று கேட்டதற்கு, மேலே போகணும் என்றார் கிளார்க். ஸ்டோரில் தேதி முடிந்த பெட்டிகளைக் கழிவில் சேர்க்க இன்னும் உத்தரவு வரவில்லையாம், அதனால் ஸ்டாக் இன்னும் சரியாகவே இருக்கிறது. நாளை நைட் டூட்டி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மாஸ்க் முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று ஃபிட் டெஸ்ட் எடுக்கணும். அதற்குத் தெளிக்கிற கசப்புத் திரவம் (மாஸ்க் போட்டும் கசந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம்) தீர்ந்துபோயிருக்கிறது, காலையில் முதல் வேலையாக இன்டென்ட் போடணும்