காயிலுக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக்: வலது சேனல் மட்டும் முடிந்தது

டி.பி.ஏ. 3255 என்ற கிளாஸ்-டி சில்லைக் கொண்ட என் ஆம்ப்ளிஃபயர் போர்டின் வலது சேனல், இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு நேற்றிரவு ஒருவழியாக அடங்கியது. 48 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), பெட்டி, ஹீட்சிங்க் ஆகியவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவை அனைத்தும் ரிச்சி தெருவில் ஒரே மாலையில் திருப்தியாகக் கிடைத்துவிட்டன.

தொந்தரவு கொடுத்தது வெளியீட்டு ஃபில்டர், அதாவது சில்லின் அதிவேகத் துடிப்புகளை வடிகட்டி ஒலியை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும் காயில்-கபாசிட்டர் இணை. ஒரே போர்டு 4 ஓம் ஸ்பீக்கரில் சற்று மங்கலாகவும், 8 ஓம் ஸ்பீக்கரில் ஜால்ராவின் ஓசை காதைக் குத்துமளவும் ஒலித்தது. ஸ்பீக்கர்களின் குணமும் இதில் கலந்திருக்கும் என்பதால், ஸ்பீக்கருக்குப் பதிலாக டம்மி லோடு (வெறும் ரெசிஸ்டர்) மாட்டி அளந்தேன். போர்டில் இருப்பவை 10 மைக்ரோஹென்றி காயிலும் 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும். அவற்றின் ஒத்ததிர்வு ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ். கணக்கின்படி 20 கிலோஹெர்ட்ஸில் 8 ஓமுக்கு 0.9 டெசிபல் ஏற வேண்டும், 4 ஓமுக்கு 0.4 டெசிபல் இறங்க வேண்டும். அளவீடும் அதற்கு வெகு அருகில் வந்தது. வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவது ஃபீட்பேக். சில்லுக்குள் இருக்கும் ஃபீட்பேக் காயிலுக்கு முன்பே முடிந்துவிடுவதால், அதற்குப் பின் நடக்கும் எதையும் அது திருத்துவதில்லை. ஃபிலிப்ஸில் இருந்தபோது யூ.சி.டி. என்ற கிளாஸ்-டி வடிவமைப்பை உருவாக்கிய புரூனோ புட்செய்ஸ், ஃபில்டரையும் ஃபீட்பேக் வளையத்துக்குள் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

அதையே இந்தப் போர்டில் செய்யப் போய்த்தான் சிக்கினேன். ஸ்பீக்கர் முனைகளிலேயே ஃபீட்பேக் ரெசிஸ்டரை வைத்து, அங்கிருந்து பத்து சென்டிமீட்டர் ஒயரை உள்ளீட்டுக்கு இழுத்தது என் முதல் முட்டாள்தனம். லோடு இல்லாத நிலையில் சேனல் தானாகவே அலையத் தொடங்கியது. அதைப் பார்க்கும் அவசரத்தில் அலைக்காட்டியின் எர்த் கிளிப்பை ஸ்பீக்கரின் எதிர்முனையில் மாட்டினேன். பிரிட்ஜ் இணைப்பில் இரு முனைகளும் உயிருள்ளவை என்பதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சில்லின் பாதுகாப்புச் சுற்று உடனே அணைத்ததால் போர்டு பிழைத்தது. பிறகு ரெசிஸ்டர்களைச் சில்லின் உள்ளீட்டுக் கால்களுக்கு அருகே, போர்டின் அடிப்பக்கத்தில் சாலிடர் செய்து, ஒவ்வொன்றுக்கும் இணையாகச் சிறு கபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தேன். ஃபில்டர் உண்டாக்கும் ஃபேஸ் தாமதத்தை அது ஓரளவு ஈடுசெய்கிறது. எந்த மதிப்பு பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஐந்து மாலைகள் போயின. இப்போது 4 ஓம், 8 ஓம் கோடுகள் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

என் வயதுக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் கேட்காது. 10 கிலோஹெர்ட்ஸில் பழைய ஏற்றம் கால் டெசிபல்தான். ஆகவே ஜால்ராவின் குத்தலுக்குப் பெரும்பங்கு அந்த 8 ஓம் ஸ்பீக்கரின் ட்வீட்டருடையதாகவே இருக்க வேண்டும். மாறாக, மிருதங்கத்தின் தொப்பியை உரக்க வைத்துக் கேட்கும்போது இருந்த பிசிறு போயிருக்கிறது. அதற்குக் காரணம் ஃபீட்பேக்கா, கூடவே மாற்றிய புதிய காயில்களா என்று பிரித்துச் சொல்ல, பழைய காயில்களை மறுபடி மாட்டி அளக்க வேண்டும்.

இந்த ஃபீட்பேக்கால் கெயின் (பெருக்கம்) 6 டெசிபல் குறைந்துவிட்டதால், டிஜிட்டல் இசையை அனலாக்காக மாற்றித் தரும் டேக்கின் 2 வோல்ட் இனி போதாது, அதை உயர்த்த என்.இ. 5532 ஆப்-ஆம்ப் கொண்டு ஒரு முன்பெருக்கி போட எண்ணியிருக்கிறேன். இடது சேனலுக்கென்று உள்ளூர்க் கடையொன்றில் வாங்கிய காயில்கள் 10 என்று அச்சிடப்பட்டிருந்தும் மீட்டரில் ஒன்று 7, மற்றொன்று 11 காட்டியதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாற்றுக் காயில்கள் வரும்வரை மோனோவில்தான் கச்சேரி.